ஜகாத்தும் சமூகப்பணிக் கல்வியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சற்று முன்னர் பைத்துல்மாலின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. கொடுப்பதில் நாம் குறை வைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், கொடுத்த பொருள் பெற்றவரின் துன்பத்தைத் தீர்த்ததா என்னும் கணக்கு நம்மிடம் இல்லை. அக்கணக்கை எழுதத் தெரிந்தவர்களை நம் மஹல்லாவிலேயே உருவாக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று சூரா அத்தவ்பாவின் 60ஆம் வசனம் வகுத்துரைக்கிறது. ஏழைகள், வறியவர்கள் ஆகியோரை அடுத்து மூன்றாவதாக அங்கே இடம்பெறுவோர், ஜகாத்துக்காகப் பணியாற்றுவோர் ஆவர். உரியவரைக் கண்டறிவதும் அவரிடம் பொருளைச் சேர்ப்பதும் ஓய்வு நேரத்து வேலையன்று. ஊதியத்திற்குரிய தனிப்பணி என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம். உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் ‘தீவான்’ என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, உதவித்தொகை பெறுவோரின் பெயர்களை எழுதிவைக்கச் செய்தார்கள் என்பது வரலாறு.

இப்பணியை இக்காலத்தில் முறைப்படி கற்பிப்பதே எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலைப் படிப்பு. இந்தியாவில் இதற்கான முதல் கல்விக்கூடம் 1936இல் மும்பையில் தொடங்கப்பட்டது. இன்று அது டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952இல் தொடங்கப்பட்டது. இரண்டாண்டுப் படிப்பாகிய இதில், பொதுவாக எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் சேரலாம். களப்பணி இதன் இன்றியமையாத பகுதி. ஒரு குடும்பத்தின் நிலையைப் பரிவோடு கேட்டறிதல், கேட்டதை அமானிதமாகக் காத்தல், பிழையின்றிப் பதிவு செய்தல், அரசின் எந்த உதவி எவருக்கு உரியது என அறிந்து பெற்றுத்தருதல் ஆகியவை இதில் பயிற்றுவிக்கப்படுகின்றன.

இதன் தேவையை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சிகிச்சைச் செலவுக்காக ஒருவர் வந்து கேட்டால், ஜமாஅத்தின் கடிதத்தை எழுதிக்கொடுக்கிறோம். அவர் அதை ஏந்தி ஊர் ஊராகப் பள்ளிவாசல்களின் வாயிலில் ஜும்ஆவுக்குப் பின் நிற்கிறார். அவருடைய நோய்க்கு அரசு மருத்துவமனையில் வழியுண்டா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று விசாரிக்க நம்மிடையே ஆளில்லை. விசாரித்திருந்தால் அவருடைய மானமும் காக்கப்பட்டிருக்கும். பைத்துல்மாலின் பொருளும் வேறொருவருக்குப் பயன்பட்டிருக்கும்.

வீடு தேடிச் சென்று விசாரிக்கும் பணி எத்துணைப் பெரிய பயனைத் தரும் என்பதற்குச் சென்னையே சான்று. 1956இல் அங்கே காசநோய் ஆய்வு தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மறுபகுதியினர் தம் வீட்டிலேயும் வைத்து மருத்துவம் செய்யப்பெற்றனர். வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கடியான குடியிருப்பில், குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். பணியாளர்கள் அவர்களின் வீடுகளுக்குச் சென்று, மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்று கவனித்துவந்தனர். வீட்டு மருத்துவமும் சானடோரிய மருத்துவத்திற்கு ஏறத்தாழ ஈடானதே என்பதும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் 1959இல் வெளியான முடிவுகள். உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய ஆய்வு இது. அதே சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் இன்று பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு நடத்தப்படுகிறது.

சமுதாயத்தின் நிலையையும் ஆய்வே எடுத்துரைக்கிறது. நாம் மேடைதோறும் சொல்லிவந்த குறைகளை 2006இல் நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை புள்ளிவிவரங்களோடு எடுத்துவைத்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அக்குழுவின் உறுப்பினர் செயலாளராக இருந்து உழைத்தவர் பொருளியல் அறிஞர் அபூசாலிஹ் ஷரீஃப் அவர்கள். கண்ணீரைவிடக் கணக்கு உரத்துப் பேசும் இடங்கள் உண்டு.

‘இதைப் படித்தால் என்ன சம்பளம் கிடைக்கும்?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பொறியியல் கற்றோர் வெளிநாட்டில் ஈட்டும் அளவுக்கு இதில் வருமானம் எதிர்பார்க்க இயலாது. ஆனால் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் இப்படிப்புக்குரிய பணிகள் உள்ளன. மார்க்கக் கல்வியைப் போலவே இதற்கும் சிலரையாவது ஒதுக்கிக்கொடுப்பது ஊரின் கடமை. ஊரில் ஒருவருமே முன்வராவிட்டால் பொறுப்பு எல்லோர் மீதும் சாரும் என்னும் பர்ளு கிஃபாயாவின் நியதியை இங்கே நினைவுகூர்வோமாக.

குறிப்பாக, நம் பெண்மக்கள் இத்துறைக்கு வரவேண்டும். இத்தாவில் இருக்கும் கைம்பெண்ணின் வீட்டுக்குள் சென்று, அவளுக்குக் கடன் எவ்வளவு, பிள்ளைகளின் படிப்பு என்னாயிற்று என்று நாம் எவ்வாறு கேட்க இயலும்? படித்த பெண்ணொருத்தி கேட்டால் அவள் மனம் திறந்து சொல்வாள். கேட்கப்படாத காரணத்தாலேயே எத்தனையோ வீடுகளின் பசி நம் பட்டியலில் ஏறாமல் போகிறது.

ஆதலால் இச்சபையின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று: மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வழங்கும் கல்வி உதவியை இப்படிப்புகளுக்கும் நீட்டிக்க வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், இத்தேவை மேலும் கூடியிருக்கிறது. வறிய மாணவருக்கு ஜகாத்திலிருந்தும், மற்றவருக்குப் பொது நிதியிலிருந்தும் வழங்கலாம். இரண்டு: படித்து வருவோரில் ஒருவரையேனும் பொது நிதியிலிருந்து ஊதியம் கொடுத்து ஜமாஅத்தில் பணியமர்த்த வேண்டும். மூன்று: உதவி பெற்ற குடும்பத்தின் நிலையை ஓராண்டு கழித்துச் சென்று பார்த்து, இரகசியப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இன்று வாங்குபவர் நாளை கொடுப்பவராக உயர்வதே நம் ஜகாத்தின் வெற்றி. அத்தகைய நிலையை நம் மஹல்லாவுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.