சருகின் அடியில் ஒரு குடி

தொல்காப்பியனார் நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர் என வகுத்தார். தும்பி கண்ணுக்குப் புலனாவது. புலனாகாத வண்டும் உண்டு. தமிழ்ப் பண்டிதன் பூச்சி பேச வந்தானே என்று நகையாதீர்கள்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறினால் ஏலத்தோட்டங்கள். மேலே நிழல்மரம், கீழே சருகுமெத்தை. இத்தகைய சருகிலும் இற்ற மரத்திலும் பூஞ்சை வித்தை உண்டு வாழும் நுண்வண்டினம் உலகெங்கும் உண்டு. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரும் இல்லை. கொலம்பியாவில் எடுத்து 2015இல் அளந்தறிவித்தது 0.325 மில்லிமீட்டர். கடுகிற் பாதியும் தேறாத அவ்வுடலுக்குள் மூளை, குடல், கரு எல்லாம் அடக்கம்! சிறகோ தகடன்று, நடுத்தண்டின் இருமருங்கும் மயிர் நிரைத்த இறகு. தாய் ஒருகால் ஒரு முட்டையே சுமக்கும். அதுவே அவள் உடலிற் பாதியளவு இருப்பதுண்டு.

தோட்டமுடைய என் மாணாக்கர் ஒருவர், விழுந்து இற்ற மரமொன்றை எரிக்க முனைந்தார். "ஐயா, இதிலிருந்துதானே வேர்ப்புழு வரும்?" என்றார். அச்சம் நியாயமே, ஏலத்தை அழிக்கும் வேர்ப்புழுவும் ஒரு வண்டின் புழுதான். "தம்பி, அது உயிருள்ள வேரைத் தின்பது, மண்ணில் தேடுங்கள். இம்மரத்தில் இருப்பன பூஞ்சை உண்பன" என்றேன். தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார். மரம் கிடக்கிறது, சென்ற மழையில் காளான் பூத்ததாம்.