பொற்கிழிக்கு அப்பால்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டின் நினைவாக, தேனி முதல் கூடலூர் வரையுள்ள ஊர்களிலிருந்து படைப்புகளை வரவேற்று எழுத்துப் போட்டியொன்று நடத்த நம் வட்டம் முடிவு செய்திருக்கிறது. பரிசுத் தொகையையும் கடைசி நாளையும் செயற்குழு வகுத்துக்கொள்ளும். நடுவர் கடமை பற்றி மட்டும் சில சொல்ல விழைகிறேன்.

போட்டி நமக்குப் புதியதன்று. நம் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடு, மதுரையில் சங்கம் வைத்ததை அம்மரபின் பெருமைகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. அச்சங்கத்தைச் சூழ்ந்து வளர்ந்த கதைகளுள் தருமி பொற்கிழி பெற்ற கதையை அறியாதார் இலர். போட்டி, பரிசு, நடுவர், மறுப்பு ஆகிய யாவும் அதில் உள்ளன. பிறர் பாடலைத் தம் பெயரால் கொணர்ந்தவரும் உள்ளார்! இன்று அதற்கு இறைவன் வர வேண்டியதில்லை. கைப்பேசியே எழுதித் தந்துவிடுகிறது. ஆதலின், பரிசுக்குத் தேர்ந்தோரை நேரில் அழைத்து, படைப்பைப் பற்றி உரையாடிய பின்னரே முடிவை அறிவித்தல் நன்று.

எனினும், இறையனார் களவியல் உரை கூறும் கதையே என்னை மிகுதியும் ஈர்க்கிறது. அந்நூற்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டனர். எது மெய்யுரை எனத் தேர, வாய் பேசாச் சிறுவனாகிய உருத்திரசன்மனை நடுவனாக இருத்தினர். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்தது. நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் வார்ந்தது. வென்றவர் நக்கீரர். ஆயினும் இளநாகனார் உரையும் இடையிடையே அவனை உருக்கியது என்பதை மரபு மறவாமல் பதிந்து வைத்திருக்கிறது. நடுவர்க்கு இலக்கணம் இதுவே எனக் கருதுகிறேன்.

இவ்விலக்கணத்திற்கு நானே தவறியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதைப் போட்டிக்கு நடுவராயிருந்தேன். கோடிட்ட நோட்டுத் தாளில் ஒரு கவிதை வந்தது. திராட்சைப் பந்தலின் கீழ் நாள் முழுதும் அண்ணாந்து நின்று கவாத்து வெட்டும் ஒரு பெண்ணின் கழுத்து வலியே அதன் பொருள். பேச்சு வழக்கு, ஒற்றுப் பிழைகள் மலிந்திருந்தன. சிவப்பு மையால் அவற்றைச் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுமொழிக்கென்று அஞ்சல்தலை ஒட்டிய உறையொன்றையும் அவர் இணைத்திருந்தார். பரிசு பெற்றோர்க்கு மட்டுமே எழுதினோம். மறு ஆண்டு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அன்று பரிசு பெற்ற கவிதை எதுவென்பது எனக்கு நினைவில்லை. அந்தக் கழுத்து வலி மறக்கவில்லை. அவ்வுறை இன்றும் என் மேசையில் இருக்கிறது.

சென்னையில் 1970இல் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு நமக்கு வழிகாட்டுகிறது. இதழ்களில் வந்த கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்து, அப்பன்னிரண்டனுள் ஒன்றை ஆண்டின் சிறந்த கதையாக அறிவித்தார்கள். ஆயின் பன்னிரண்டும் நூலில் இடம்பெற்றன. முதற்பரிசு பெறாத பதினொன்றும் வாசகர் கைக்குச் சென்றன.

எனவே நான் வேண்டுவன இவை. பெயரை நீக்கி, எண் மட்டும் இட்டுப் படைப்புகளை நடுவரிடம் தருக. இருவர் தனித்தனியே படிக்கட்டும். முடிவு வேறுபடின் மூன்றாமவர் படிக்கட்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பேச்சுமொழியைப் பிழையெனக் கொள்ளற்க. எழுத்துப் பிழையை அச்சேறும் முன் நாம் திருத்திக்கொள்ளலாம். பட்டறிவை நம்மால் எழுதித் தர இயலாது. தேர்ந்த படைப்புகளை ஒரு தொகுப்பாக்குக. எல்லாவற்றினும் மேலாக, பரிசு பெறாத ஒவ்வொருவர்க்கும், அவர் எழுத்தில் நம் நெஞ்சைத் தொட்ட இடம் இதுவெனச் சுட்டி இரண்டு வரி எழுதுக. நூறு படைப்புகள் வரின் நூறு மடல்கள். பணி பெரிதுதான், வட்டத்தில் கைகளும் பலவல்லவா?

பொற்கிழி ஒருவர்க்கே உரியது. படிக்கப்பட்டோம் என்னும் நிறைவு அனைவர்க்கும் உரியது. அம்மடல்களுள் முதல் மடலை எழுதும் பொறுப்பை எனக்கே தர வேண்டுகிறேன்.