கால்நகச் சொத்தையும் அதன் பரிகாரமும்

(திண்டிவனத்தில் நம் சங்கத்தார் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

கல்வி, விவாகம், தொழில் முதலிய பெரிய விஷயங்கள் ஆராயப்படும் இச்சபையில் கால்நகத்தைப்பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், அற்பமென்று விடப்பட்ட நகமே சிலர்க்குப் பாதத்தை இழப்பதற்கு வாயிலாகின்றது. மெட்டி அணியவேண்டிய விரலை இளம்பெண்கள் மறைத்துக்கொள்ளவும் காரணமாகின்றது. ஆதலின் இதுபற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

நகச் சொத்தை என்பது சாபமுமன்று, குஷ்டமுமன்று. கண்ணுக்குப் புலனாகாத பூஞ்சைக் காளான் நகத்துள் புகுந்து, நகத்திற்கு ஆதாரமான கெராட்டின் என்னும் பொருளையே உணவாகக் கொண்டு வளர்வதால் உண்டாவது. டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்னும் வகையே பெரும்பாலும் இதற்குக் காரணம். முதலில் பெருவிரல் நகத்தின் ஓரம் வெளுத்தோ மஞ்சளித்தோ காணும்; பிறகு நகம் தடித்து, அடியில் மாவுபோல் உதிர்ந்து, சதையை விட்டுக் கிளம்பும். வலி இல்லாமையால் பலரும் ஆண்டுக்கணக்காக இதைப் பொருட்படுத்துவதில்லை.

இக்காளான் பெரும்பாலும் விரலிடுக்கில் தோன்றும் சேற்றுப்புண்ணிலிருந்தே நகத்திற்கு ஏறுகின்றது. விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் நாற்று நடுவோரும் களை பறிப்போரும் நாளெல்லாம் சேற்றில் நிற்பவர். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரு நாளில் 51 சென்டிமீட்டர் மழை பொழிந்ததும், வீடுகளில் வெள்ளம் புகுந்ததும் யாவரும் அறிந்ததே. அத்தகைய நாட்களில் கால் உலர இடமேது? மற்றொருபுறம், ஆலைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்கள் மூடிய பூட்ஸுக்குள் வியர்வையில் நனைந்த பாதத்தோடு பொழுதைக் கழிக்கின்றனர். ஈரமும் வெப்பமும் கூடிய இடமே காளானுக்கு உகந்த நிலம்.

இதில் மிகவும் அஞ்சத்தக்கவர் நீரிழிவு உடையோர். அவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கக்கூடும். தடித்த நகம் சதையில் அழுத்திப் புண்ணாக்கினும் தெரியாது; அப்புண் ஆறாமற் பெருகிச் சில வேளைகளில் விரலையோ காலையோ வெட்டும்படி நேர்கின்றது. ஆகையால் சர்க்கரை மாத்திரை உண்போர் நாள்தோறும் இரவில் தம் பாதத்தைப் பார்த்தல் வேண்டும். தமக்குக் கண் மங்கினால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லவேண்டும். நகத்தைத் தாமே ஆழ வெட்டுதல் கூடாது.

இனிப் பரிகாரம். கெட்ட நகமெல்லாம் காளானால் கெட்டதன்று. காயமும் சோரியாசிஸ் என்னும் சரும நோயும் அவ்வாறே தோற்றும். எனவே நகத்துகளைச் சுரண்டி எடுத்துச் சோதித்த பின்னரே மருந்து உண்ணவேண்டும். 2010ஆம் ஆண்டில் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு அணித்தே உள்ளது. அங்குள்ள சரும வைத்தியரைக் காண்க.

1958ஆம் ஆண்டில் கிரிசியோபுல்வின் வழக்கிற்கு வந்தது முதல் உட்கொள்ளும் மருந்து உண்டாயிற்று. இக்காலத்தில் டெர்பினாபின் சிறந்ததாகக் கொள்ளப்படுகின்றது. பெரியவர்க்குத் தினம் 250 மில்லிகிராம் வீதம் கால்நகத்திற்கு 12 வாரமும் கைந்நகத்திற்கு 6 வாரமும் தருவது வழக்கம். ஈரல் நோயுள்ளோர்க்கு இஃது ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதை உண்ணாதிருத்தலே முறை. ஆதலின் வைத்தியர் சொல்லின்றித் தொடலாகாது. நோய் நுனியளவில் இருப்பின் அமோரால்பின் போன்ற நகப்பூச்சு போதுமானதாகலாம். மருந்து முடிந்தும் நகம் உடனே அழகு பெறாது. கால்நகம் முழுதும் புதிதாய் வளர 12 முதல் 18 மாதம் செல்லும். பொறுமையே இதில் பாதி மருந்து.

மருதாணி, மஞ்சள் முதலியவற்றை அரைத்துக் கட்டுதல் நம்மவர் வழக்கம். அவை நகத்தின் அடிவரை சென்று காளானை அழிப்பதில்லை. அதனினும் கேடானது, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அது படர்தாமரையின் அரிப்பைச் சிலநாள் அடக்கி, உள்ளே நோயைப் பரப்பும். இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதித்துள்ளது.

வருமுன் காக்கும் வழி எளிது. கால் கழுவியதும் விரலிடுக்கைத் துணியால் துடைத்து உலர்த்துக. நகத்தை நேராக வெட்டுக. நகவெட்டி, துண்டு, செருப்பு ஆகியவற்றை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளற்க; ஒரு வீட்டில் பலர்க்கு இந்நோய் பரவ இதுவே பெருவழி. பருத்திக் காலுறையை நாள்தோறும் மாற்றுக. பூட்ஸை ஒருநாள் விட்டு ஒருநாள் அணிந்து, இடைநாளில் உலர விடுக. சேற்றுப்புண் கண்டவுடன் தக்க களிம்பிட்டு முற்றும் குணப்படுத்துக.

மாணவர் விடுதிகளில் தங்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் தனி நகவெட்டியும் துண்டும் தருதல் பெற்றோர் கடமை. பெண் பார்க்கச் செல்வோர் நகச் சொத்தையைக் கண்டு குறை கூறுதல் அறியாமையேயாகும். மருந்தால் தீரும் ஒன்று ஒரு பெண்ணின் வாழ்வுக்குத் தடையாதல் தகுமோ? நம் சங்கத்தார் இதனை மனத்திற்கொண்டு, தத்தம் வீட்டு முதியோர் பாதத்தை இன்றிரவே நோக்குவாராக என வேண்டி அமைகின்றோம்.