முருங்கைக் கீரையும் மஞ்சள் தண்ணியும்

(தோல் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முருங்கைக் கீரைச் சாறு ஈயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் இதுகளோட விஷத்தை முறிச்சிடும், ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிட்டாங்க என்று ஒரு சேதி நம்ம பக்கம் சுத்திக்கிட்டிருக்கு. தோல் ஷாப்பில் ட்ரம் வேலை பார்க்கிற தோழர்கள் கேட்கிறார்கள்: "அப்ப கீரை தின்னா போதுமா?" இந்தச் சேதியில் உண்மை இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடுவோம்.

ஆராய்ச்சி நடப்பது பெரும்பாலும் எலியின் மேல். ஒரு கூட்டம் எலிக்கு உலோக உப்பை மட்டும் கொடுக்கிறார்கள். இன்னொரு கூட்டத்துக்கு உப்போடு சேர்த்து இலைச் சாறும் கொடுக்கிறார்கள். சில வாரம் கழித்து அறுத்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். நாள்பட்ட எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, அதுமாதிரி செல்லின் சுவரில் இருக்கிற கொழுப்பும் கெட்டுப்போகும். அதற்குப் பேர் ஆக்சிஜனேற்றம். ஈயமும் ஆர்சனிக்கும் காட்மியமும் அதைத் தூண்டிவிடுகின்றன. அதைத் தடுக்க உடம்பே குளுடாதயோன் என்ற கந்தகம் கலந்த ஒரு பொருளைச் செய்து வைத்திருக்கிறது. இந்த உலோகங்கள் அந்தக் கந்தகத்தின் மேலேயே போய் ஒட்டி, காவலைக் காலி பண்ணிவிடுகின்றன. முருங்கை இலையில் வைட்டமின் சி, குவர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம் போன்றவை உண்டு. இலைச் சாறு குடித்த எலிகளின் ஈரலில் கெட்டுப்போன கொழுப்பு குறைவாகவும், குளுடாதயோன் கூடுதலாகவும் இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இதுவரை சரி.

இப்ப கணக்குக்கு வருவோம். எலிக்குக் கிலோ எடைக்கு 200, 400 மில்லிகிராம் என்று சாறு கொடுப்பது வழக்கம். 400 என்றே வைத்துக்கொள்வோம். எலி அளவை மனுச அளவாக மாற்ற, சுமார் ஆறால் வகுப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 4 கிராம் வருகிறது. சாறுன்னா ரசம் மாதிரி நினைச்சுக்காதீங்க. இலையை உலர்த்தி, தண்ணியிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்து எடுக்கிற பொடி அது. உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு பொடி தேறும் என்று வைத்தால் 40 கிராம் உலர்ந்த இலை வேணும். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆக ஒரு ஆளுக்குத் தினமும் 160 கிராம், காம்பில்லாமல் உருவின இலை. அஞ்சு பேர் வீட்டுக்கு 800 கிராம். கொதிக்க வைத்தால் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும் என்பது தனிக் கணக்கு. எலிக்கு விஷத்தோடு சேர்த்தே, பலமுறை அதற்கு முன்னாடியே, மருந்து போகிறது. இருபது வருஷம் ட்ரம் பக்கத்தில் நின்ன மனுசனுக்கு அப்படி யார் கொடுத்தா?

இன்னொன்று. கீரை சேதத்தைக் குறைக்கலாம் என்பது வேறு, உலோகத்தை வெளியேற்றும் என்பது வேறு. ஈயம் எலும்பில் போய் பல வருஷம் தங்கிவிடும். சிறுநீரகத்தில் தங்கின காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருஷம் ஆகும். ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் அதைப் பிடித்து வெளியே இழுக்கிற மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. குரோமியத்துக்கு அப்படி நிரூபணமான மருந்து கிடையாது.

குரோமியம் நம்ம பிரச்சினை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது ரெண்டு ரூபத்தில் வருகிறது. ட்ரம்மில் தோலோடு போடுகிற பச்சை நிறப் பொடியில் இருப்பது மூன்று இணைதிறன் உள்ளது. தண்ணியில் மஞ்சளாகக் கரைவது ஆறு இணைதிறன் உள்ளது. மூணாம் நம்பர், ஆறாம் நம்பர் என்று வச்சுக்குவோம். உடம்புக்குத் தேவையான சல்பேட் மாதிரியே உருவம் இருப்பதால் ஆறாம் நம்பரை செல் உள்ளே விட்டுவிடுகிறது. மூணாம் நம்பருக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. உள்ளே போன ஆறாம் நம்பரை வைட்டமின் சி-யும் குளுடாதயோனும் மூணாக மாற்றுகின்றன. அப்படி மாறுகிற வழியில்தான் மரபணு அடிபடுகிறது. மாறி முடிந்த மூணாம் நம்பரும் மரபணுவிலேயே ஒட்டிக்கொள்கிறது. கவனியுங்கள்: அதே வைட்டமின் சி வயிற்றில் இருக்கும்போது ஆறை மூணாக்கினால் அது காவல். செல்லுக்குள் அதே வேலையைச் செய்தால் கேடும் கூடவே வருகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்ற ஒரு வார்த்தையைப் பாட்டிலில் ஒட்டி விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆறாம் நம்பரை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: மூணாம் நம்பர் உள்ள தோல் கழிவைக் கொளுத்தினால் அதில் ஒரு பகுதி ஆறாம் நம்பராக மாறும். வெட்டுத்துண்டையும் சீவலையும் அடுப்பில் போடாதீங்க தாய்மார்களே.

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே குவித்துவிட்டுப் போனது. நிலத்தடித் தண்ணி மஞ்சளானது. 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு உலகத்திலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. 2015 ஜனவரி 31 அன்று அங்கே சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சகதி பாய்ந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்தக் கீரை அவர்களைக் காப்பாற்றியிருக்கும்?

ஒரு காலத்தில் இதே ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதனிட்டோம். அந்தப் பட்டையில் இருக்கிற துவர்ப்புச் சத்தும், இலையில் மருந்து என்று இன்று சொல்கிறார்களே அதுவும், ஒரே வகைப் பொருள்கள்தான். பாதிப் பதமான தோலின் ஏற்றுமதியை அரசு 1970-களில் கட்டுப்படுத்திய பிறகு குரோமிய முறை பெருகியது. பட்டை போட்ட காலத்திலும் சுண்ணாம்புக் குழியில் இறங்கினது சேரிதான், அதை மறக்க வேண்டாம். குரோமியத்தின் அந்நியச் செலாவணி ஒரு பக்கம் போனது. எரியும் கையும் கெட்ட கிணறும் நம்ம பக்கம் வந்தது.

அப்ப கீரையே வேண்டாமா? வேணும். இதைத் தெளிவாச் சொல்றேன். ரத்தத்தில் இரும்பு குறைஞ்ச உடம்பு ஈயத்தையும் காட்மியத்தையும் அதிகமாக உறிஞ்சும். ஒரே தண்ணி, ஒரே காற்று. பசியோட இருக்கிறவன் உடம்பில்தான் விஷம் கூடுதலா ஏறும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நம்ம தெருவில் எண்ணினால் எவ்வளவு வரும் என்று நீங்களே சொல்லுங்கள். ஆகவே முட்டை, பருப்பு, கீரை, கறி, அதுவும் மாட்டுக்கறி, தைரியமாச் சாப்பிடுங்கள். அது சோறு. சோறு போட்டேன் என்று சொல்லி முதலாளி முகமூடியையும் கையுறையையும் மிச்சம் பிடிக்கக் கூடாது. தூசி வேலைக்காரனுக்கு ஒரு துண்டு வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்துக் கணக்கை முடிக்கிற பழக்கம் பழையது. நாளைக்கு வெல்லத்துக்குப் பதில் முருங்கைப் பொடிப் பொட்டலம் வரும். விஞ்ஞானம் சொல்லுதுன்னு வேற சொல்வான்.

கீரையை எங்கே பறிக்கிறோம் என்பதும் பார்க்க வேண்டும். கழிவுத் தண்ணி பாய்ந்த மண்ணில் வளரும் கீரை அந்த உலோகத்தையே இழுத்து இலையில் வைத்துக்கொள்ளும். விஷமுறிவு என்று விஷத்தையே தின்கிற கதை. லேகியம், பஸ்பம் விஷயத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-ல் வெளியான ஆய்வு சொன்னது.

கேட்க வேண்டியதைக் கேட்போம். குடிதண்ணியில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம்ம கைப்பம்பில் எவ்வளவு என்று எழுதிக் கொடு என்று கேளுங்கள். குரோமேட் வேலை செய்தவர்களுக்குத் தோலில் குழிப்புண் வரும், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே குரோம் புண் இருந்தது. அதைப் பார்க்கிற டாக்டர் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 89-வது பிரிவு சொன்னது. 2020-ல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அப்படி ஒரு அட்டவணை இருக்கிறது. புண்ணுக்கு மருந்துச் சீட்டு வாங்கும்போது, சீட்டில் என்ன வேலை செய்கிறவர் என்று எழுதச் சொல்லுங்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வேலூர் தோல் ஆலை வழக்கில், மாசுபடுத்தியவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே பிரச்சினைக்காக 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பும் சொல்ல வேண்டி வந்தது. நடுவில் 28 வருஷம். அந்த 28 வருஷத்தில் நம்ம வீடுகளில் யாருக்கு என்ன நோய் வந்தது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். வேலை, வருஷம், கிணறு, நோய் என்று நாலு கட்டம் போட்டால் போதும். படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், எழுதுவார்கள்.

இப்ப கேள்விகள் இருந்தா கேளுங்க.