ஹயரா, எம்ப்ளோயா?

(அரியாலையில், யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கும் மலையக இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"முதலாளி தந்த தாளில் 'ஹயர்' என்று இருக்கிறது. தோட்டத்தில் அம்மாவின் தாளில் 'எம்ப்ளோய்' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?" என்று ஒரு தம்பி கேட்டார். அகராதியில் இரண்டுக்கும் வேலைக்கு அமர்த்துதல் என்றுதான் இருக்கும். ஆனால் நம் ஊரில் ஓட்டோக்காரர் "ஒரு ஹயர் இருக்கு" என்றால் என்ன? ஏற்றினார், இறக்கினார், காசை வாங்கினார், கதை முடிந்தது. ஆங்கிலத்திலும் அது வாகனத்துக்கும் மண்டபத்துக்கும் ஆளுக்கும் பொதுவான சொல். ஆளை எடுக்கும் அந்த நாளோடு அதன் வேலை முடிகிறது. 'எம்ப்ளோய்' என்பது எடுத்த பிறகு வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஆளை எடுப்பதற்கு நம் பாட்டன்மார் காலத்தில் வேறு சொற்கள் இருந்தன. கங்காணி ஊருக்குப் போய் 'ஆள் கட்டி' வந்தார். நமக்குக் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் காசு. துரைமார் வாயில் அது ஆளின் பெயரானது. கூலியைக் குறைத்தாலும் கூலி என்று கூப்பிடுவதை அவர்கள் குறைக்கவில்லை! பிறகு 'துண்டு' வந்தது. இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடனும் ஆட்களோடு சேர்ந்தே போகும். 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

இன்று துண்டு இல்லை, ஆனால் சொல் மாறிக்கொண்டே இருக்கிறது. பேர் பதிந்த தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்குப் புதுப் பேர் பதிவதில்லை, கைக்காசுக்கு ஆள் எடுக்கிறார்கள். வெளியார் உற்பத்தி முறை என்று தேயிலை மலையைப் பிரித்துக் கொடுத்து, "நீங்கள் இனித் தொழிலாளி இல்லை, பங்காளி" என்கிறார்கள். மலை கம்பனியுடையது, கொழுந்தின் விலையைச் சொல்வதும் கம்பனி. இது என்ன பங்கு? நகரத்தில் இதே வேலையை கொந்தராத்துக்காரர் செய்கிறார்.

தாளில் எந்தச் சொல் இருந்தாலும் சட்டம் வேலையைத்தான் பார்க்கும். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி, வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சும் போதும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகமாக வேலை செய்பவருக்கும் உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், அதை உங்களிடம் பிடிக்கக் கூடாது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நீங்களாக விலகினாலும் அது உண்டு. வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகளைச் சேமலாப நிதி இன்னும் சேர்க்கவில்லை. அது நாம் போராட வேண்டிய இடம்.

ஆகவே தம்பி, தாளில் உள்ள சொல்லைப் பற்றி முதலாளியோடு வாதாட வேண்டாம். "என் சேமலாப நிதி இலக்கம் என்ன?" என்று கேளுங்கள். சம்பளத் துண்டு, போனில் வந்த செய்தி, வேலைக்குப் போன நாட்களைக் குறித்த கொப்பி, எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். இலக்கம் இல்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வேலையை விட்டு நிறுத்தினால் சட்டம் குறித்த காலத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். நாளைக் கடத்தாமல் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம்.