பிள்ளைகளும் பிறமொழிப் பயிற்சியும்



நம்மவருட் பல குடும்பத்தார் தொழிலின் பொருட்டுப் பெங்களூரிற் குடியேறியுள்ளனர். அவர்தம் பிள்ளைகட்குக் கன்னடம் கற்பிக்கலாமே என்றால், "வேண்டா, தமிழ் கெட்டுவிடும்" என மறுக்கும் பெற்றோர் உளர். தமிழன்பே இவ்வச்சத்திற்குக் காரணமாதலின் அவரை யாம் இகழோம்; ஆயினும் அச்சம் பொருந்தாது.

கன்னடத்திற் பால் 'ஹாலு' எனவும், புலி 'ஹுலி' எனவும், பத்து 'ஹத்து' எனவும் வழங்கும். இம்மூன்றையும் கேட்ட சிறுவன், நம் பகரம் ஆண்டு ஹகரமாய் நிற்றலைத் தானே கண்டு, 'பல்' என்பதற்கு 'ஹல்லு' எனப் பிறர் சொல்லாமுன்னரே சொல்லிவிடுவான். செவி அங்கே 'கிவி' ஆகும். இவ்வாறு ஒப்புநோக்குங்கால் தாய்மொழியின் அமைப்பே அவனுக்கு நன்கு விளங்கும். எல்லிஸ் துரை 1816-இலும், கால்டுவெல் ஐயர் 1856-இலும் தென்மொழிகளின் உறவை விளக்கியது அவற்றை அருகருகே வைத்து நோக்கியதனாலன்றோ? தமிழொன்றே கற்ற எம்போலும் பண்டிதர்க்கு அஃது எளிதிற் புலப்படுவதன்று. தமிழ் கெடுவது வீட்டில் அதனைப் பேசாமையாலும், தமிழ்நூல் வாங்காமையாலுமே.

கடைக் கணக்கிற்கு உதவுமென்று ஆண்பிள்ளைக்குக் கற்பித்து, பெண்ணை மட்டும் விலக்குவாரும் உளர். பேறுகாலத்தில் மருத்துவரிடம் தன் நோவைத் தானே எடுத்துரைக்க அவளுக்கன்றோ அம்மொழி மிகவும் வேண்டும்!

தாம் அறியாத மொழியை எங்ஙனம் பயிற்றுவது எனப் பெற்றோர் மலைக்க வேண்டா. உச்சரிப்புப் பிழைத்தால் நகையாதிருத்தலே முதலுதவி. இரவு உண்ணும்போது அன்று கற்ற நான்கு சொற்களைப் பிள்ளையைக் கூறச்செய்து, அவற்றிற்கு இனமான தமிழ்ச்சொல் உண்டாவெனத் தாமும் உடனிருந்து தேடுக.