பாட அட்டையும் பிள்ளையின் கண்ணும்



தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு நாம் ஒரு முறை போயிருந்தோம். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஆசிரியை ஒரு கணக்குத் தாளைக் கொடுத்திருந்தார். தாள் முழுவதும் பழங்கள். வண்ணம் தீட்டிய அழகான படம். சிவப்புப் பழம் எத்தனை, பச்சைப் பழம் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. மற்றப் பிள்ளைகள் எழுதி முடித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் ஒவ்வொரு பழத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சிவப்பு 11, பச்சை 2 என்று எழுதினான். சரியான விடை சிவப்பு 7, பச்சை 6. தாளில் குறுக்குக் கோடு விழுந்தது.

"பையன் நல்லவன்தாங்க. ஆனா கவனம் பத்தாது, எண்ணவே வரல" என்று ஆசிரியை வருத்தத்தோடு நம்மிடம் சொன்னார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு மாரடிப்பவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஆனால் அந்த இரண்டு விடைகளையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். 11-ம் 2-ம் 13. 7-ம் 6-ம் 13. ஒரு பழத்தைக்கூட அவன் விட்டுவிடவில்லை. எண்ணத் தெரியாத பிள்ளையா அவன்?

அன்று மாலை அவன் தாயாரைப் பார்த்தோம். பள்ளியில் நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மாள் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க அப்பாவுக்கும் அப்படித்தாங்க. செம்பனையில குலை வெட்டுற வேலை. பழுத்தது எது, பழுக்காதது எதுன்னு அவருக்குச் சட்டுனு தெரியாது. காய்க்குலையை வெட்டிட்டாருன்னு மண்டோர் ஏசாத நாள் இல்ல, சம்பளத்துல பிடிக்காத மாசம் இல்ல. அப்புறம் மரத்தை அண்ணாந்து பார்க்கிறதையே விட்டுட்டாரு. அடியில உதிர்ந்து கிடக்கிற பழத்தைப் பார்த்து வெட்டுவாரு. அதுக்கப்புறம் ஏச்சு நின்னுச்சு" என்றார்.

நேயர்களே, தாத்தாவுக்கும் பேரனுக்கும் இருப்பது ஒரே குறை. சிவப்பையும் பச்சையையும் அவர்கள் கண் நம்மைப் போலப் பிரித்துக் காட்டுவதில்லை. நிறக்குருடு என்று இதைச் சொல்வது வழக்கம். அந்தச் சொல் நமக்குப் பிடிக்கவில்லை; குருடு ஒன்றும் இல்லை, பார்வை கூர்மையாகத்தான் இருக்கும். நிறக்குறை என்றே சொல்வோம். ஆண்களில் நூற்றுக்கு நான்கைந்து பேர் முதல் எட்டுப் பேர் வரை இக்குறை உண்டு. இனத்துக்கு இனம் இந்தக் கணக்கு மாறும். பெண்களில் இருநூறு பேரில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். தாத்தாவுக்கு இருந்தால் மகள் வழியாகப் பேரனுக்கு வரலாம். நடுவில் இருக்கும் தாய்க்கு எல்லா நிறமும் நன்றாகவே தெரியும். ஆகையால் வீட்டில் யாருக்கும் ஐயமே எழுவதில்லை. பிறவியில் வரும் இக்குறையைப் போக்க மருந்து இல்லை. ஆனால் கண்டறிவது மிக எளிது. புள்ளிகளுக்குள் எண்ணை மறைத்து வைத்த படங்களைக் காட்டுவார்கள். சப்பானிய மருத்துவர் இசிகாரா 1917-இல் வெளியிட்ட முறை அது. அதே 1917-இல்தான் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் செம்பனை வாணிபப் பயிராக நடப்பட்டது என்பதையும் ஒரு வேடிக்கைக்காகச் சொல்லி வைக்கிறோம்.

அந்தத் தாத்தா செய்ததை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். நிறம் அவருக்கு உதவவில்லை. ஆனால் மரம் பழுத்ததை நிறத்தால் மட்டுமா சொல்கிறது? பழத்தை உதிர்த்தும் சொல்கிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு மையில் இருக்கிறது. முதல் கட்டத்திலும் இருக்கிறது. நிறம் தெரியாதவர் இடத்தைக் கொண்டு தெரிந்துகொள்வார். சாலை விளக்கிலும் அப்படித்தான். நிற்கச் சொல்லும் விளக்கு எப்போதும் மேலே இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குத் தாளிலோ சிவப்புப் பழமும் பச்சைப் பழமும் ஒரே வடிவம், ஒரே அளவு. நிறத்தை எடுத்துவிட்டால் அவற்றைப் பிரிக்க வேறு அடையாளமே இல்லை. தவறு பையனிடம் இல்லை, தாளில் இருந்தது.

மறுநாள் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. உடனே ஒரு கறுப்புப் பேனாவை எடுத்தார். சிவப்புப் பழங்களின் மேல் குறுக்குக் கோடுகள் போட்டார். பச்சைப் பழங்களை அப்படியே விட்டார். "கோடு போட்டது சிவப்பு, போடாதது பச்சை" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொன்னார். அவனுக்கென்று தனித்தாள் கொடுக்கவில்லை. அந்த நாகரிகம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. பையன் 7 என்றும் 6 என்றும் எழுதினான்.

நிறத்துக்கு அடுத்தபடி தூரம். கண் மருத்துவர் 6 மீட்டர் தூரத்தில் உட்கார வைத்து எழுத்துப் படிக்கச் சொல்கிறார் அல்லவா? நல்ல பார்வை உள்ளவர் படிக்கக்கூடிய வரியில் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அது கண்ணின் எல்லை. முயன்று படிக்கும் அளவு. அதுவும் ஆங்கில எழுத்துக்கு. நம் எழுத்தில் னகரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு. லகரமும் ளகரமும் தூரத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆகவே கடைசி வரிசைப் பிள்ளை சிரமமின்றிப் படிக்க, சுவர் அட்டையில் எழுத்து அதைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது எம் கருத்து. இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்தால் என்ன அகலமோ, அந்த உயரம். ஒரு மணிலா அட்டையில் முப்பது சொல் எழுதுவதை விட்டு ஆறு சொல் எழுதினால் இடம் தானாகவே கிடைக்கும்.

வெண்பலகையில் மஞ்சள், இளம்பச்சைப் பேனாவால் எழுதுவது வீண். கறுப்பும் கருநீலமும் போதும். அட்டை கிழியாமல் இருக்கப் பளபளப்பான பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் சன்னலுக்கு எதிரே மாட்டினால் வெயில் பட்டுக் கண்ணாடியாகிவிடும். பாதி வகுப்புக்கு அதில் எழுத்துக்குப் பதிலாகச் சன்னல்தான் தெரியும்.

நகலெடுக்கும் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகலுக்கு நகல் எடுத்து, மூன்றாவது நான்காவது நகல் பிள்ளையின் கைக்கு வரும்போது முதலில் மறைவது புள்ளி. தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும். 'கல்' என்பது 'கல' ஆகிறது. பிள்ளை உள்ளதை உள்ளபடி 'கல' என்று படித்து ஏச்சு வாங்குகிறது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது புலனத்தில் அனுப்பிய பாடத் தாள்களை நம் வீடுகளில் எத்தனை பேர் கைப்பேசியின் சிறு திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம்! அப்போது பெரியவர்களாகிய நமக்கே அந்தத் தொல்லை புரிந்தது.

வீட்டில் பாட்டிமார் எழுதிக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978-இல் தமிழ்நாட்டு அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்பு யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருந்தது. அது போய், மற்ற எழுத்துகளுக்குரிய அதே குறி வந்தது. ணா, றா, னா வகையும் அவ்வாறே மாறின. நம் நாட்டுப் பாடப் புத்தகங்களும் இப்போது அந்த வடிவில்தான் இருக்கின்றன. ஒரு குறியைக் கற்றால் எல்லா எழுத்துக்கும் பொருந்துகிறது. பிள்ளைக்கு எவ்வளவு பாரம் குறைந்திருக்கிறது! பாட்டி பழைய பழக்கத்தில் துதிக்கை போட்டு எழுதினால் பேரப்பிள்ளை திகைக்கும். பாட்டி எழுதியது பிழையன்று; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

அழகு செய்யும் ஆசையில் நாமும் ஒரு பிழை செய்தோம். முன்பு 'ம' எழுத்துக்கு ஓர் அட்டை தயாரித்தோம். மயில், அதன் தோகை, சுற்றிலும் கொடி, மூலையில் பூ. எழுத்தை எங்கோ ஓரத்தில் வைத்திருந்தோம். இது என்ன என்று கேட்டால் ஒரு சிறுமி தோகையில் உள்ள கண்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்! கொடியையும் பூவையும் வெட்டி எறிந்துவிட்டு, எழுத்தை நடுவில் பெரிதாகப் போட்டு, மயிலை ஒரு கோட்டுப் படமாகப் பக்கத்தில் வைத்தோம். அழகு குறைந்தது என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டோம்.

பெற்றோர் செய்யக்கூடியது என்ன? பிள்ளை எழுதிய தாளில் குறுக்குக் கோடு விழுந்திருந்தால், பிள்ளையை ஏசும் முன் தாளைப் பாருங்கள். கைப்பேசியில் அதைப் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு நிறங்களும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தத் தாள் நிறத்தை மட்டுமே நம்பியிருக்கிறது என்று பொருள். ஆண் பிள்ளை மரத்தைப் பழுப்பாகவும் இலையையும் பழுப்பாகவும் தீட்டினால் சிரித்துவிடாதீர்கள். தாய்வழித் தாத்தாவைப் பற்றிச் சற்று விசாரியுங்கள். அரசு மருத்துவகத்தில் கேட்டால் எங்கே சோதிக்கலாம் என்று சொல்வார்கள். சோதனைக்குச் சில நிமிடமே ஆகும். பிறகு ஆசிரியரிடம் போய், "டீச்சர், என் பையனுக்கு இப்படி இருக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தயங்க வேண்டாம். அந்தத் தாயார் தம் தகப்பனாரின் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நமக்கும் விளங்கியிருக்காது.

அண்மையில் அந்த ஆசிரியையிடம் பேசினோம். புதிதாக ஓர் அட்டை எழுதினால் அதை முதலில் அந்தப் பையனிடம் காட்டி, "இதுல என்னப்பா தெரியுது, சொல்லு" என்று கேட்ட பிறகே சுவரில் மாட்டுகிறாராம். போன வாரம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.